விட்டுப்போன வசனம்

தனுஷ்கோடியில் கூரையில்லாமல் நிற்கும் சர்ச்சைப் பற்றிப் பல வருஷங்களுக்கு முன் ஒரு கவிதை எழுதினேன். பவழக்கல், மணல், உப்புக்காற்று. நண்பர்கள் சிலருக்குப் பிடித்திருந்தது, எனக்கும்தான். போன மாதம் ஒரு ஜெர்மன் இசையைக் கேட்டதிலிருந்து அந்தக் கவிதை உறுத்துகிறது.

ருடால்ஃப் மௌவர்ஸ்பெர்கர் டிரெஸ்டன் நகரத்துக் குரோய்ட்ஸ் சர்ச்சில் சிறுவர் பாடகர் குழுவை நடத்தியவர். 1945 பிப்ரவரி 13 இரவு குண்டுவீச்சில் நகரம் எரிந்தது. சர்ச்சும் எரிந்தது. குழுவின் பையன்கள் 11 பேர் செத்துப்போனார்கள். அந்த ஈஸ்டரையொட்டி, எரேமியாவின் புலம்பலிலிருந்து வசனங்களை எடுத்து, வாத்தியம் எதுவுமில்லாமல் குரல்களுக்கு மட்டும் எழுதினார். நகரம் பாழாய்க் கிடப்பதைச் சொல்லும் முதல் வசனமே தலைப்பு. ஆகஸ்ட் 4 அன்று எரிந்த சர்ச்சுக்குள்ளேயே பாடினார்கள்.

நம் ஒப்பாரியில் செத்தவரையே ஏன் விட்டுப் போனாய் என்று கேட்பார்கள். இங்கே அந்த 'ஏன்' கடவுளிடம் கேட்கப்படுகிறது. குரல்கள் திரும்பத் திரும்ப அதில் வந்து மோதுகின்றன. பதில் இல்லை. இவ்வளவு நேரான துக்கத்தை நான் அதிகம் கேட்டதில்லை.

பிறகு தமிழ் பைபிளை எடுத்து வைத்துக்கொண்டு வசனங்களைத் தேடினேன் (இது என் கெட்ட பழக்கம்). வரிசையாக இல்லை, அங்கங்கே பொறுக்கியிருக்கிறார். ஐந்தாம் அதிகாரத்தில் 17ஆம் வசனத்தில் நுழைகிறார். ஜனங்கள் தாங்கள் பாவம் செய்ததை ஒப்புக்கொள்வது அதற்கு முந்தின 16இல். 17 அதைச் சுட்டித்தான் 'இதனால்' என்று தொடங்குகிறது. இசையில் 'இதனால்' இருக்கிறது, 'இது' இல்லை. எழுதியவர் 1933இலேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். பையன்களைப் பறிகொடுத்த மனுஷனிடம் இதையெல்லாம் கேட்கலாமா என்பீர்கள். கேட்கத்தான் வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

டிரெஸ்டனைவிட தனுஷ்கோடிக்குத்தான் இந்தப் புலம்பல் பொருந்தும் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து போன ரயிலையும் ஊரையும் கடல் கொண்டபோது அங்கே யார் என்ன பாவம் செய்தார்கள்?

சித்தி அங்கேதான் இருந்தாள். கிறிஸ்துமஸுக்கு முன்கூட்டியே பிள்ளைகளோடு ராமநாதபுரம் வந்துவிடட்டுமா என்று கார்டு போட்டிருந்தாள். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஏதோ பணத் தகராறு. பண்டிகை கழியட்டும் என்று பதில் போடச் சொன்னார் அப்பா. போட்டது நான். பதினோரு வயது, கையெழுத்து நன்றாக இருக்கும்.

கவிதை எழுதியபோது அந்தக் கார்டு ஞாபகத்தில் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். நேற்று பழைய நோட்டைப் பார்த்தேன். கடைசிக்கு முன்னால் இரண்டு வரி எழுதி அடித்திருக்கிறேன். அடித்த கோட்டுக்கடியில் 'கார்டு' என்ற சொல் இன்னும் படிக்க முடிகிறது.