பனிமான் மேட்டில் ஒரு முதுகுப் பை

நோர்வே நாட்டில், எம் பெறாமகன் வீட்டு மாடிப்படிகளிலே, பத்துக் கிலோ அரிசியை முதுகிற் சுமந்துகொண்டு நாம் அரைமணி நேரம் ஏறியும் இறங்கியும் நின்ற காட்சியை ஊரிலுள்ள உறவினர் எவரேனும் கண்டிருப்பின், எமக்குச் சித்தம் கலங்கிவிட்டதென்றே தீர்மானித்திருப்பர். அவன் மனைவி சமையலறை வாசலில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அவனோ சிரிக்கவில்லை.

"சித்தப்பா, கடையிலை வெறும் பையைப் போட்டுப் பார்த்தால் எல்லாப் பையும் சுகமாய்த்தான் இருக்கும். பாரத்தோடை அரைமணித்தியாலம் ஏறி இறங்கினால்தான் அதின்ரை குணம் தெரியும். இன்னும் பத்துத்தரம் ஏறுங்கோ" என்றான்.

சங்கதி இதுதான். அவன் நோர்வேயிற் குடியேறி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அந்நாட்டார் நடத்தும் வேட்டைத் தேர்விற் சித்தியெய்தி, ஆண்டுதோறும் சுட்டுக்காட்டும் பரீட்சையையும் முடித்து, செப்டெம்பர் மாதம் பிறந்தால் அயல்வீட்டு முதியவருடன் பனிமான் வேட்டைக்குப் போய்விடுவான். நாமோ பிறந்த நாள் முதல் மரக்கறி உண்டு வளர்ந்தவர். ஆயினும், "நீங்கள் துவக்கைத் தொடவேண்டாம், அந்த மேட்டைக் காணாமல் ஊருக்குப் போகவேண்டாம்" என்று அவன் வற்புறுத்தியபோது மறுக்க மனம் வரவில்லை. நான்கு நாட் பிரயாணம். வேண்டியவற்றை அவரவர் முதுகிலேயே கொண்டுசெல்ல வேண்டும். ஆகவே முதலில் எமக்கேற்ற பையொன்றைத் தெரிவு செய்யும் வேலை தொடங்கிற்று.

அவன் வீட்டு நிலவறையில் நான்கு பைகள் தொங்கின. கண்ணுக்கு அழகாய் இருந்த நீலப் பையை நாம் எடுக்க, அவன் அதைப் பிடுங்கி வைத்துவிட்டுத் தையற்காரர் போல் அளவுநாடாவோடு வந்து எம்மைக் குனியச் சொன்னான். தலை குனியும்போது பின்கழுத்திற் புடைத்து நிற்கும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேரான இடம் வரையில் முதுகை அளந்தான். நாற்பத்தாறு சென்ரிமீற்றர். ஆளின் உயரத்தைக் கொண்டு பை வாங்குவது பிழை என்பது அவன் கட்சி. நெட்டையனுக்குக் குறுகிய முதுகும், குட்டையனுக்கு நீண்ட முதுகும் இருப்பதுண்டு. பையின் சட்டகம் முதுகின் நீளத்துக்கு இசையாவிட்டால், எத்தனை வார்களை இழுத்துக் கட்டினாலும் பாரம் உரிய இடத்திற் போய் இருக்காதாம்.

அந்த உரிய இடம் தோளன்று, இடுப்பு. இது எமக்குப் புதினமாகவே இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் முதல் பட்டாளத்தார் வரை எல்லோரும் தோளிலன்றோ பையை மாட்டுகின்றனர்! ஆனால் இடுப்புப் பட்டியை இடுப்பெலும்பின் விளிம்பின்மேல் அமரும்படி முதலில் இறுக்கி, அதன் பின்னரே தோள்வார்களை இழுத்து, ஈற்றில் மார்புக்குக் குறுக்கே செல்லும் சிறு வாரைக் கொளுவியபோது, அவ்வளவு நேரமும் தோளை அறுத்துக்கொண்டிருந்த பத்துக் கிலோ அரிசி எங்கோ இறங்கிக் கால்களுக்குள் மறைந்துவிட்டது போலிருந்தது. தோளிலே தசையும் நரம்புமே பாரத்தைத் தாங்குகின்றன. நெடுநேரம் அழுத்தினாற் கைகள் விறைத்துவிடும். இடுப்பிலோ தடித்த எலும்பும், அதன் கீழ் உடம்பிலேயே வலிய தொடைத் தசைகளும் உள. எண்ணிப் பார்த்தால், எங்கள் ஊர்ப் பெண்கள் கிணற்றடியிலிருந்து குடத்தை எங்கே வைத்துக்கொண்டு வந்தார்கள்? மீன் விற்கும் பெண் சும்மாட்டின்மேல் கடகத்தை வைத்துப் பாரத்தைக் கழுத்தெலும்பு வழியே நேராக இறக்கவில்லையா? தோளிற் சுமப்பது ஆண்கள் கண்டுபிடித்த மூடத்தனம் என்று எமக்குப் பட்டது. அதைச் சொன்னபோது பெறாமகன் மனைவி அடக்கி வைத்திருந்த சிரிப்பை விட்டுவிட்டாள்.

வேட்டைக்குப் போகும் பைக்கு வேறு சில குணங்களும் வேண்டும். துணி, செடியில் உராயும்போது சரசரக்கக் கூடாது. சட்டகத்திலிருந்து பையைச் சற்று விலக்கி, இரண்டுக்கும் நடுவே இறைச்சியை வைத்துக் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும். பாரமான பொருள் முதுகோடு ஒட்டி நின்றால் ஆளைப் பின்னோக்கி இழுக்காது. போகும்போது பதினைந்து கிலோ சுமக்கிறவன் திரும்பும்போது முப்பது கிலோ சுமப்பான். ஆதலால், போகும் பாரத்தைக் கொண்டன்று, வரும் பாரத்தைக் கொண்டே வேட்டைக்காரன் பையைத் தெரிய வேண்டும்.

இந்தக் கலைக்கு நோர்வேயில் ஒரு பூர்வ கதை உண்டு. 1908 ஆம் ஆண்டில் ஓலே பேர்கன் என்பவர் வேட்டைக்குப் போய், தொளதொளத்த பை முதுகை வருத்திய எரிச்சலோடு திரும்பினாராம். ஜூனிப்பர் என்னும் செடியின் கொம்பைத் தம் முதுகின் வளைவுக்கு ஏற்ப வளைத்து, அதைப் பையோடு பொருத்திப் பார்த்தார், முதுகு தப்பிற்று. அடுத்த ஆண்டே அதற்கு உரிமைப் பட்டயமும் பெற்றார். இன்றும் பிரித்தானியப் போர்வீரர் தம் முதுகுப் பையைப் 'பேர்கன்' என்றே அழைக்கின்றனர். அவருக்கு ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவனும் இதை அறியாதவனல்லன் போலும். 1991 இல் ஆல்ப்ஸ் மலைப் பனியிலிருந்து வெளிப்பட்ட ஆதி மனிதனின் உடலருகே வில்லோடும் அம்புகளோடும், வளைத்த கழியொன்றும் பலகைத் துண்டுகளும் கிடந்தன. அவை அவனுடைய முதுகுச் சட்டகம் என்றே ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

ஒஸ்லோவிலிருந்து மோட்டார் வண்டியிற் புறப்பட்டு, யெய்லோ என்னும் மலையூரைக் கடந்து, 7 ஆம் இலக்க நெடுஞ்சாலையில் ஏறினோம். ஏற ஏற மரங்கள் குள்ளமாகி, பின் இல்லாமலே போயின. அதுதான் ஹார்டங்கர்விட்டா. ஏறத்தாழ 1,100 மீற்றர் உயரத்தில் விரிந்து கிடக்கும் அந்த மேட்டுநிலத்தில் 1981 இல் அமைத்த தேசியப் பூங்கா மட்டுமே 3,400 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்டது. எங்கள் யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல் மூன்று மடங்குக்கும் அதிகம். ஹோர்ட்டன் சமவெளியை நினைத்துக்கொண்டு சென்றோம். அந்த ஒப்புமை அரைமணி நேரங்கூட நிலைக்கவில்லை. எங்கு நோக்கினும் கல், நீர், வானம். முழங்காலளவு பேர்ச் செடிகள் குங்குமமாய்ச் சிவந்திருந்தன. பாறைகளின்மேல் பனிமான்கள் தின்னும் பாசி வெளிர்நிறத்திற் படர்ந்திருந்தது. 2016 ஆம் ஆண்டு ஆவணியில் ஒரே இடிமின்னலில் 323 பனிமான்கள் மாண்டது இம்மேட்டிலேதான் என்று முதியவர் கூறினார். அந்தத் திறந்த வெளியைக் கண்டபின் அதை நம்புவது கடினமாயிருக்கவில்லை.

பூங்காவினுள் மோட்டார் வண்டிகள் பொதுவாக விலக்கு. வீதியோரம் வண்டியை விட்டு, ஒன்பது கிலோமீற்றர் நடந்து, குடிலொன்றை அடைந்தோம். எமது பதினொரு கிலோ, கடைசி மேட்டிலன்றி எங்கும் தன்னை உணர்த்தவில்லை. வழியில் இருமுறை பட்டிகளை இளக்கிக் கட்டினோம். ஏற்றத்திற்கு ஒரு விதம், இறக்கத்திற்கு ஒரு விதம். அவ்வளவே.

வேட்டையைப் பற்றி அதிகம் எழுத எமக்கு விருப்பமில்லை. மூன்றாம் நாட் காலை, காற்றுக்கு எதிராக அவர்கள் இருவரும் தவழ்ந்து போக, நாம் ஒரு பாறையின் பின்னே இருந்தோம். ஒரே வெடி. விழுந்தது ஒரு பெண்மான். மறைப்பதற்கில்லை, அன்று மதியம் எமக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் சுட்டதில் ஒரு துண்டும் கெடவிடாது கொண்டுசேர்ப்பதில் அவர்கள் காட்டிய கவனத்தையும் கண்டோம். இறைச்சியைப் பகுத்து, காற்றுப் புகும் பருத்திப் பைகளில் இட்டு, இரவு முழுதும் குளிரிலே தொங்கவிட்டனர்.

மறுநாள் திரும்பும் வழியிலே, பாதித் தூரத்தில், ஓடையொன்றைத் தாண்டும்போது 'சடக்' என்றொரு சத்தம். பெறாமகன் தடுமாறி முழந்தாளிட்டான். அவனுடைய பையின் இடுப்புப் பட்டி, சட்டகத்தோடு சேரும் தையலிற் கிழிந்து தொங்கிற்று. எமக்கு அளவுநாடா பிடித்து உபதேசித்தவன், தனக்கு மட்டும் மலிவு விற்பனையில், ஒன்றரைக் கிலோ பாரம் குறைவென்று, புதுப் பையொன்றை வாங்கி, அரிசி மூட்டையோடு படியேறிப் பாராமலே கொண்டுவந்திருந்தான்! பழைய பாரமான பை நிலவறையில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

முப்பது கிலோவும் தோளுக்கு ஏறிற்று. நூறு அடி நடந்தான், நின்றான். மேலும் நூறு அடி. கைவிரல்கள் விறைக்கின்றன என்றான். முதியவருக்கோ வயது அறுபத்தெட்டு. முழங்காலிற் சத்திரசிகிச்சை செய்தவர். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு பருத்திப் பையை எடுத்துத் தம் சுமைமேல் வைத்துக் கட்டத் தொடங்கினார். "வேண்டாம், மிச்சத்தை இங்கை வைச்சிட்டு நான் பிறகு வந்து எடுக்கிறன்" என்றான் பெறாமகன். பிறகு என்றால் இருட்டில். மேற்கே ஏரியின்மேல் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. முன்னே இருந்த குன்று ஏற்கெனவே மறைந்துவிட்டது. அந்த மேட்டில் வழி காட்ட மரமொன்றுகூட இல்லை.

எமது பையிலே அரிசியும் பருப்பும் தீர்ந்து, உடுப்புகளே எஞ்சியிருந்தன. அதில் இடமிருந்தது என்பதை மூவரும் அறிந்தோம். எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாதிருந்தது எமக்குக் காட்டிய மரியாதை. அந்த மரியாதையைத் தாங்கிக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது? "இரண்டு பையை இதுக்குள்ளை வை" என்றோம்.

"சித்தப்பா, அது வந்து..."

"வை."

முன்னங்கால்கள் இரண்டையும் எமது சட்டகத்துக்கும் பைக்கும் நடுவே வைத்துக் கட்டினான். குளிர்ந்த பாரம் முதுகோடு ஒட்டிற்று. பாட்டியாருடைய முகம் ஒருகணம் நினைவில் வந்து போயிற்று. இனி அவனுடைய கிழிந்த பட்டிக்கு வழி காண வேண்டும். முதியவர் எமது கழுத்தை உற்றுப் பார்த்தார். குளிருக்காக நாம் சுற்றியிருந்த நாலு முழச் சால்வை! அதை நான்காக மடித்து, சட்டகத்தின் கீழ்க் குழாயில் இருபுறமும் முடிந்து, இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். பெறாமகன் எழுந்து நின்று, தோள்களை அசைத்துப் பார்த்து, "இருக்குது" என்றான்.

மெதுவாகவே நடந்தோம். முதியவர் திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு முன்னே சென்றார். பத்து அடிக்கு அப்பால் அவர் உருவம் மங்கும்போதெல்லாம் நின்று திரும்பிப் பார்த்தார். வீதியை அடைந்தபோது வண்டிகளின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. வீட்டில் தராசில் வைத்துப் பார்த்ததில் எமது பை பதினாறு கிலோ நின்றது. அதில் எட்டுக் கிலோ எமக்குரியதன்று.

சால்வையைப் பெறாமகன் மனைவி இருமுறை தோய்த்து மடித்துத் தந்தாள். ஆயினும் புறப்படும் நாளன்று அது எமது பெட்டியில் இருக்கவில்லை. நிலவறைக்குச் சென்று பார்த்தோம். அந்தப் பழைய, பாரமான பையின் சட்டகத்திலே அது நான்காக மடிக்கப்பட்டு முடியப்பட்டிருந்தது. விமானத்துக்கு நேரமாகிவிட்டபடியால் அவிழ்க்காமலே வந்துவிட்டோம்.