‘சாஃப்ட்வேர் போடணும் தம்பி!’

சிங்காரத்தோப்புல ஏதாவது ஒரு செல்போன் சர்வீஸ் கடை வாசல்ல கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. ‘‘சாஃப்ட்வேர் போடணும் தம்பி, உள்ள இருக்கறதெல்லாம் போயிரும், பரவால்லயா?’’ங்கற டயலாக் கண்டிப்பா காதுல விழும்.

டிஸ்ப்ளே உடைஞ்சா காசோட போச்சு. இது அப்படியில்லை பாஸ்! புராஜெக்ட் போட்டோ, செமஸ்டர் நோட்ஸ், பாட்டியோட வாய்ஸ் மெசேஜ்னு மொத்தமும் காலி. ‘டூல் போட்டு எடுத்துரலாம்’னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. இப்போ வர்ற ஆண்ட்ராய்டு போன்கள் எல்லாத்தையும் என்க்ரிப்ட் பண்ணித்தான் வைக்குது. ரீசெட் பண்ணினா அந்தச் சாவியே அழிஞ்சிரும்.

கண்ட ஏ.பி.கே. ஃபைலை ஏத்தறவங்களுக்குத்தான் இந்தக் கதினு நினைச்சுராதீங்க. 2021 புத்தாண்டு சமயத்துல, ஷியோமியே அனுப்பின ஆண்ட்ராய்டு 11 அப்டேட்டைப் போட்ட எம்.ஐ. ஏ3 போன்கள் பல, பொட்டுனு அணைஞ்சு எந்திரிக்கவே இல்லை. அப்புறம் அப்டேட்டை நிறுத்திட்டு, வாரன்ட்டி முடிஞ்சிருந்தாலும் இலவசமா சரிபண்ணித் தர்றோம்னு இந்தியாவுல அறிவிச்சாங்க. இத்தனைக்கும் அந்த போன்ல சிஸ்டத்துக்கு ரெண்டு இடம் உண்டு. ஒண்ணு ஓடறப்பவே இன்னொண்ணுல புதுசு ஏறும். புதுசு சொதப்பினா பழசுக்குத் திரும்பிரும். 2016-ல ஆண்ட்ராய்டு 7-ல வந்த அருமையான ஏற்பாடு. அதுவே கைவிட்டுருச்சு!

எங்க கைலாசபுரத்துல பாதி வீட்டு அப்பாக்கள் ‘பெல்’ ஆளுங்க. பாய்லர்ல எடுத்ததும் நீராவி விட மாட்டாங்க. முதல்ல தண்ணியை நிரப்பி, வழக்கமா தாங்க வேண்டியதைவிட அதிக அழுத்தம் ஏத்தி, ஒழுகுதானு பார்ப்பாங்க. பெரிய வெர்ஷன் அப்டேட்டுக்கும் அதே பாலிசிதான். ரெண்டு வாரம் மத்தவங்க போன் ஒழுகுதானு பாருங்க, அவசரமே இல்லை. மாசாந்திர செக்யூரிட்டி அப்டேட்டை மட்டும் தள்ளிப் போடாதீங்க. எதுவா இருந்தாலும் சார்ஜ் பாதிக்கு மேல இருக்கட்டும். மெமரியில கொஞ்சம் இடம் இருக்கட்டும்.

‘பேக்கப்தான் தானா ஓடுதே’ங்கறீங்களா? 2024-லேர்ந்து வாட்ஸ்அப் பேக்கப்பும் கூகுளோட இலவச 15 ஜி.பி. கணக்குலதான் சேருது. அது நிறைஞ்சா பேக்கப் நின்னுரும். ஒரு காப்பி லேப்டாப்லயும் போட்டுருங்க.

அப்புறம், சிஸ்டத்தை ரீசெட் பண்ணி முடிச்சதும் போன் பழைய ஜிமெயில் பாஸ்வேர்டைக் கேட்கும். உங்க வீட்டுல அம்மா போனுக்கு ஜிமெயில் ஐ.டி. உருவாக்கிக் குடுத்தது யாரு? போன் வித்த கடைக்கார அண்ணன்தானே? பாஸ்வேர்டு அவருக்கே மறந்திருக்கும். இன்னிக்கு ராத்திரியே மாத்தி, ரேஷன் கார்டு இருக்கற அதே டப்பாவுல எழுதி வெச்சிருங்க.