மலையுச்சியில் ஒரு யாமம்

மலை என்ற சொல்லைக் கேட்டதும் தமிழிலக்கியம் பயின்ற ஒருவரது நெஞ்சில் முதலில் எழுவது குறிஞ்சித் திணையே. மலையும் மலைசார்ந்த இடமும் அதன் நிலம். கூதிரும் முன்பனியும் அதன் பெரும்பொழுது. யாமம் அதன் சிறுபொழுது. புணர்தல் அதன் உரிப்பொருள். இவ்வரிசையைப் பரீட்சைக்காக மனனஞ் செய்யாத தமிழ் மாணவர் இலர். ஆயினும் பனி கொட்டும் மலையொன்றின் மேல், தலைக்குமேல் ஒரு துணிக்கூரை மாத்திரம் இருக்க, நள்ளிரவைக் கழித்தோர் எம்முள் எத்தனை பேர்? யாமத்தைப் பற்றி எழுதிப் புள்ளி பெற்றோர் பலர். அதனை உடம்பால் அறிந்தோர் சிலரே.

2023ஆம் ஆண்டு தை மாத இறுதியில், அதாவது பெப்ரவரி முற்பகுதியில், நானும் என் மனைவியும் ஹோட்டன் சமவெளித் தேசிய பூங்காவின் முகாமிடம் ஒன்றில் இரண்டு இரவுகள் தங்கினோம். நூலின்படியும் அது முன்பனிக்காலமே. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற நான் யாழ்ப்பாணத்தவன். அவர் மலையகத்தவர், தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திற் பிறந்தவர். பல்கலைக்கழகத்திற் பயின்ற நாட்களில் அறிமுகமாகி 1990இல் மணமுடித்தோம். அம்மணம் எளிதில் நிறைவேறியதன்று. "தோட்டத்துப் பெண்" என்ற இரு சொற்களுக்குள் என் சுற்றத்தார் அடக்கிவைத்த இகழ்ச்சியை அவர் மறந்திருக்கலாம், நான் மறந்திலேன்.

கூடாரத்தில் தங்கும் விருப்பம் என்னுடையது. அவர் முதலில் நகைத்தார். "குளிருல படுக்கிறதுக்குக் காசு குடுக்கணுமாங்க? நாங்க சும்மாவே படுத்தோமே" என்றார். பின்னர் ஏனோ, "சரி, போவோம். அங்கயிருந்து எங்க தோட்டம் தெரியும்னு அப்பா சொல்லுவாரு" என்று இசைந்தார். தாம் பிறந்த தோட்டத்தின் தலைக்குமேல் நின்ற அம்மலைச் சுவரை நாள்தோறும் கீழிருந்து பார்த்து வளர்ந்தவர், அதன் உச்சியில் ஒருநாளேனும் கால் வைத்ததில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன்.

பட்டிப்பொலை, இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் அமைந்தது. அங்கிறங்கி ஜீப் வண்டியொன்றில் ஏறிச் சமவெளியை அடைந்தோம். முகாமிட விரும்புவோர் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் முன்கூட்டியே அனுமதி பெறல் வேண்டும். கூடாரம், உணவு, அடுப்பு, கம்பளி ஆகிய யாவற்றையும் தாமே சுமந்து செல்லவும் வேண்டும். நுழைவாயிலிற் பைகளைச் சோதித்துப் பொலித்தீன் உறைகளை அகற்றுகின்றனர். விடுமுறை நாட்களில் விடியுமுன்பே அவ்வாயிலில் வண்டிகள் வரிசையாய் நிற்கும். நாட்டில் மக்கள் பெரிதும் நாடிச் செல்லும் பூங்காக்களுள் இதுவும் ஒன்று.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2100 மீற்றர் உயரத்தில், 3160 ஹெக்டேயர் பரப்பில், புல்வெளியும் குறுங்காடும் மாறி மாறி விரிந்து கிடப்பது இச்சமவெளி. சிங்கள மக்கள் இதனை மகா எலிய என வழங்கினர். 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாக விளங்கிய வில்மட் ஹோட்டனின் பெயரை ஆங்கிலேயர் இதற்குச் சூட்டினர். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் தருவது இம்மேட்டுநிலம். முகில் மரங்களைத் தழுவிச் செல்லும்போது இலைகளும் பாசியும் ஈரத்தைப் பற்றிக்கொள்கின்றன; அது சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்கி ஓடையாகிறது. மழை பெய்யாத நாளிலும் இங்கு நீர் பிறக்கின்றது எனலாம். 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்ட இந்நிலம், 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு கூறாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

எமது கூடாரம் ஓடையொன்றின் அருகே, புல்வெளியும் காடும் சந்திக்கும் ஓரத்தில் அமைந்தது. அயலில் வேறு சில கூடாரங்களும் இருந்தன. ஒன்றில் இளைஞர் குழுவொன்று ஒலிபெருக்கியுடன் வந்திருந்தது. மாலையிற் காவலர் வந்து எச்சரித்ததும் பாட்டு அடங்கிற்று. இருள் சூழுமுன் மரைகள் புல்மேட்டில் இறங்கின. அவற்றுள் ஒன்று கூடாரங்களை நோக்கி அச்சமின்றி நடந்து வந்தது. சுற்றுலாப் பயணிகள் கொடுத்துப் பழக்கிய பாணும் பிஸ்கற்றும் அதனை அவ்வாறு ஆக்கியுள்ளன. இங்கு இறந்த மரைகளின் வயிற்றிற் பொலித்தீன் கண்டெடுக்கப்பட்டதாகச் செய்திகள் வந்துள்ளன. 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவெல் பேக்கர் வேட்டைநாய்களை ஏவித் துரத்தியது இம்மரையினத்தையே. அன்று அஞ்சி ஓடி இறந்த விலங்கு இன்று அஞ்சாது வந்து இறக்கின்றது. இளைஞருள் ஒருவர் பாண் துண்டொன்றை நீட்டியபோது, என் மனைவி எழுந்து சென்று, "வேணாம் தம்பி, அது காட்டு உசிரு; கேட்டுத் திங்கப் பழகக்கூடாது" என்றார். அவரும் கையை மடக்கிக்கொண்டார்.

இரவு எட்டு மணிக்கே குளிர் தரையிலிருந்து மேலெழுந்தது. இம்மாதங்களில் விடியற்பொழுதிற் புல்நுனிகளில் உறைபனி வெண்மையாய்ப் படிவதுண்டு. நான் இரண்டு கம்பளிகளைப் போர்த்தும் நடுங்கினேன். அவரோ கூடாரத்தின் தரையில் முதலிற் சாக்கை விரித்து, அதன்மேற் பத்திரிகைத் தாள்களைப் பரப்பி, பின்னரே பாயை இட்டார். "குளிரு மேலயிருந்து வர்றதில்ல, கீழயிருந்துதான்" என்றார். மழையிலும் பனியிலும் இடுப்பிற் படங்கு கட்டிக் கொழுந்து பறித்த தாயிடமிருந்து அவர் கற்ற கல்வி அது. எந்தப் பாடநூலிலும் நான் அதனைப் படித்ததில்லை.

நள்ளிரவில் மரையொன்று காட்டுக்குள் உரத்துக் கத்திற்று. சிறுத்தையின் நடமாட்டத்தை உணர்ந்தால் அது அவ்வாறு கத்தும் என்பர். இருவரும் விழித்தோம். அதன்பின் உறக்கம் வரவில்லை. நெடுநேரம் மௌனமாய் இருந்த அவர், நான் கேளாமலே தம் தாய்மாமனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். முப்பத்து மூன்று ஆண்டு இல்வாழ்க்கையில் துண்டு துண்டாய்க் கேட்டிருந்த கதையை முழுதாய்க் கேட்டது அவ்வியாமத்திலேதான்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதெனவும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதெனவும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி பின்னர் 1974இல் இரு நாடுகளுக்கும் சமமாய்ப் பங்கிடப்பட்டது. எண்களாய்ப் படிக்கும்போது இது கணக்கு. ஒரு லயத்துக்குள் நின்று பார்க்கும்போது, அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி இன்னொரு நாட்டுக்கும் என்று காம்பரா காம்பராவாய்க் குடும்பங்கள் பிளந்தமையே இதன் பொருள். தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்தை மலையக மக்கள் "ஒப்பாரிக் கோச்சி" என்றனர். என் மனைவிக்கு ஏழு வயதாயிருந்தபோது மாமன் குடும்பம் அக்கோச்சியில் ஏறிற்று. அவரது வயதொத்த மாமன் மகள், யன்னலூடாகத் தன் ரிப்பனைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மாமன் நீலகிரியிற் கோத்தகிரிப் பக்கத்தே தேயிலைத் தோட்டத்தில் வேலை பெற்றார். இலங்கையிலிருந்து திரும்பியோருக்கெனத் தமிழ்நாட்டு அரசு 1968 முதல் அங்கு தேயிலை பயிரிட்டு வந்தது. மீண்டும் அதே செடி, அதே மட்டக்கத்தி, அதே குளிர். 1982இல் அவர் எழுதிய கடிதமொன்றில், மலை முழுவதும் நீலப்பூப் பூத்துக் கிடப்பதாகவும், அதனைக் குறிஞ்சி என்கிறார்கள் எனவும் எழுதியிருந்தாராம். "குறிஞ்சியைப் பற்றி நான் மொதல்ல படிச்சது புத்தகத்தில இல்லைங்க, மாமாவோட கடுதாசியில" என்றார் அவர்.

விடியுமுன் எழுந்து உலக முடிவை நோக்கி நடந்தோம். காலை ஒன்பது, பத்து மணியளவில் மூடுபனி எழுந்து பள்ளத்தை மறைத்துவிடுமாதலின் முந்திச் செல்வோர்க்கே காட்சி கிட்டும். வழியின் இருமருங்கும் குறுங்காட்டுக்குள் நெலுச் செடிகள் பூவின்றி நின்றன. நெலுவும் நீலக் குறிஞ்சியும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை; பல்லாண்டுக்கொருமுறை ஒருங்கே பூத்து மடிபவை. 2013இல் இச்சமவெளியில் அவை பூத்தபோது மக்கள் திரள் திரளாய் வந்து பார்த்தனர். அச்செடியைக் காட்டி, "இதுதான் உமது மாமா எழுதிய பூவின் உறவு" என்றேன். அவர் குனிந்து ஓர் இலையைத் தடவிப் பார்த்தார், பறித்திலர்.

உலக முடிவில் நிலம் திடீரென அறுபட்டு ஏறத்தாழ 880 மீற்றர் கீழிறங்குகின்றது. விளிம்பில் நின்ற பயணிகள் வியந்து ஆரவாரித்தனர், படம் பிடித்தனர். தூரத்தே மலைத்தொடர்களும் சமனலவாவி நீர்த்தேக்கமும் வெளிறித் தெரிந்தன. என் மனைவி தூரத்தைப் பார்க்கவில்லை, நேர்கீழே பார்த்தார். அங்கே பச்சைச் சரிவின் நடுவே தீப்பெட்டிகளை அடுக்கியதுபோற் சில தகரக் கூரைகள். "அது கோயில். அதுக்குப் பக்கத்தில பெரட்டுக்களம். அந்த மூணாவது வரிசை எங்க லயம்" என்று ஒவ்வொன்றாய்ச் சுட்டினார். பின்னர் அமைதியாய்ச் சொன்னார்: "இவங்களுக்கு உலகம் முடியிற எடத்தில எங்களுக்குத் தொடங்கிச்சுங்க."

அச்சொல்லை நான் பின்னர் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. 1873இல் தாவரவியலறிஞர் ஹூக்கரின் ஆலோசனைப்படி, 5000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை அழித்தல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன்னரே தோட்டமாகிவிட்ட உயர்நிலங்கள் சில உண்டு. எனினும் எஞ்சிய காடு தப்பியமைக்கு அத்தடை பெருங்காரணமாகும். அக்கோட்டிற்குக் கீழே முதலிற் கோப்பிக்காகவும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலைக்காகவும் காடுகள் வெட்டப்பட்டன. தமிழகத்திலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். மேலே மரங்களுக்குக் காப்பளித்த அதே ஆட்சி, கீழே மனிதரைப் பத்தடிக் காம்பராக்களில் அடைத்தது. இங்கு ஊறும் நீரே அத்தோட்டங்களின் பீலிகளிலும் பாய்கின்றது. ஆகவே சமவெளியின் வரலாற்றைத் தோட்டத்தின் வரலாற்றினின்று பிரித்து எழுதுதல் இயலாது. காட்டைக் காத்தல் இன்றியமையாதது என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தக் காட்டின் நிழலிற் பிறந்தோர் அதன் உச்சிக்கு வர ஐம்பதாண்டுகள் கடக்க நேர்ந்தமையும் எண்ணத்தக்கது.

குறிஞ்சியின் உரிப்பொருளை இளமையின் கூட்டமாகவே வகுப்பறையிற் கற்பித்து வந்தோம். முதுமையிலும் அதற்கு ஒரு பொருள் உண்டு போலும். ஒருவர் பிறந்த மலையை மற்றவர் அவர் கண்ணாற் காணல், அதன் பனியை அவர் உடம்பால் உணர்தல் என்பனவும் கூட்டத்தின் பாற்படும்.

மூன்றாம் நாட்காலை கூடாரத்தைச் சுருட்டி, எமது கழிவுகளையெல்லாம் பையிற் கட்டி எடுத்துக்கொண்டு இறங்கினோம். வீடு திரும்பியதும், நெலுச் செடியை நான் பிடித்த படத்தை அவர் கோத்தகிரியிலுள்ள மாமன் மகளுக்கு அனுப்பினார். இருவருக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. மறுநாள் பதில் வந்தது: "நம்ம ஊருச் செடி மாதிரியே இருக்கே." எந்த ஊரை அவள் நம்ம ஊர் என்கிறாள் என்று நான் வினவினேன். என் மனைவி சற்று எண்ணிப் பார்த்து, "அவளுக்கே தெரியாதுங்க" என்றார்.