ஆறு கட்டைக்கு ஏறிய நாதஸ்வரம்

நண்பரின் தங்கை கல்யாணம் 2004-இல் சின்னாளபட்டியில் நடந்தது. மினி டிவி (MiniDV) கேசட்டில் எடுத்த வீடியோவை அண்மையில் பென்டிரைவில் ஏற்றி வாங்கினார்கள். முகூர்த்தம் வரும்போது, இப்போது உயிரோடு இல்லாத அப்பாவின் குரல் சிறுபிள்ளை போலக் கீச்சிட்டது. “கேசட்டே அவ்வளவுதான்” என்று ஏற்றிக் கொடுத்தவர் கைவிரித்துவிட்டார். மனசு கேட்காமல் நண்பர் திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு வீடியோ மிக்ஸிங்காரரைத் தேடிப் போனார். நானும் போனேன்.

அவர் திரையைப் பார்க்கவே இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாதஸ்வரத்தை மட்டும் கேட்டார்.

“சார், நாதஸ்வரம் ரெண்டு, ரெண்டரைக் கட்டையில வாசிப்பாங்க. இது ஆறு கட்டைக்கு மேல நிக்குது. சட்ஜமம் இருக்க வேண்டிய இடத்துல பஞ்சமம். கேசட் நல்லா இருக்கு. 32-ஐ 48-னு ஏத்திட்டாங்க.”

ஒலியை எண்ணாக்கும்போது ஒரு நொடியை எத்தனை துண்டாக எடுக்கிறோம் என்பதே சாம்பிள் ரேட். மினி டிவி கேமராக்களில் பெரும்பாலும் இரண்டு கணக்கு: 16 பிட்டில் நொடிக்கு 48,000, 12 பிட்டில் 32,000. பின்னால் பாட்டோ வர்ணனையோ சேர்க்க இன்னொரு ஜோடி டிராக்குக்கு இடம் வேண்டுமென்றுதான் 12 பிட் வைத்தார்கள். நம் நாட்டுப் பால் (PAL) வீடியோ முறையில் நொடிக்கு 25 படம். ஒரு படத்துக்கு 48-இல் 1,920 துண்டு, 32-இல் 1,280. முப்பத்திரண்டில் பதிந்ததை நாற்பத்தெட்டாக ஓட்டினால் வேகம் ஒன்றரை மடங்கு; 60 நிமிட ஒலி 40 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

இந்தக் கேசட்டில் பெண் அழைப்பை ஒரு கேமராவிலும், காலை முகூர்த்தத்தை வேறு கேமராவிலும் எடுத்திருந்தார்கள். தொடக்கத்தில் கண்ட கணக்கையே கேப்சர் மென்பொருள் கடைசிவரை பிடித்துக்கொண்டது. கணக்கு மாறும் இடத்தை அவர் தேடிப்பிடித்தார். அதைத் தாண்டி கேசட்டை நிறுத்தி, தனி ஃபைலாக மறுபடி ஏற்றினார். பிறகு அதை 48-க்கு மாற்றி முன்பகுதியோடு சேர்த்தார்.

“குரலே மாறிப்போச்சுன்னா ரேட் தப்பு. குரல் சரியா இருந்து, போகப்போக உதடும் பேச்சும் விலகுச்சுன்னா கேமராவோட கடிகாரம் தப்பு. ஓரிடத்துல சட்டுனு தாவுச்சுன்னா, ஏத்தும்போது நடுவுல படம் விட்டுப்போயிருக்கு, ஹார்டு டிஸ்க்கைப் பாக்கணும்” என்றார். 48,000-க்குப் பதில் 48,009 என்று ஓடியிருந்தால்கூட ஒரு மணி நேரத்தில் அரை நொடிக்கு மேல் விலகிவிடும். அதைச் சோதிக்க அவருக்குக் கெட்டிமேளம் போதும். தவிலில் கோல் விழும் படத்தையும் அடியின் ஓசையையும் முதலிலும் கடைசியிலும் ஒப்பிடுகிறார்.

வி.எச்.எஸ். காலத்தில் கல்யாண வீடுகளில் லைட் பிடிக்கும் பையனாக வந்தவர் இவர். பிறகு கேமரா, பிறகு மிக்ஸிங். மெமரி கார்டு வந்ததும் பலர் பழைய கேமராவைக் காயலான் கடைக்குப் போட்டார்கள். இவர் தன் சோனி பிடி-170-ஐ வைத்துக்கொண்டார். அது இனிப் படம் எடுப்பதில்லை, கேசட்டை ஓட்டுகிறது. மூடியைத் திறந்து, விரல் நகமளவு டேப் சுற்றிச் செல்லும் பளபளத்த ஹெட் டிரம்மைக் காட்டினார். ஒவ்வொரு கேசட்டுக்கும் அது கொஞ்சம் தேய்கிறது. மாற்று ஹெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. புதுக் கணினிகளில் ஃபயர்வயர் இல்லாததால் ஒரு பழைய சிபியுவையும் கட்டிக் காக்கிறார்.

ஒரு மணி நேரக் கேசட்டை ஏற்ற ஒரு மணி நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டும். ஆனால் ஊர் ஊராகக் கேசட் வசூலிக்கும் ஏஜென்ட், வீட்டுக்காரரிடம் வாங்குவது ஒன்று, இவர் கையில் வைப்பது வேறொன்று. ஹெட் தேய்வது இவருக்கு, லாபம் அவருக்கு. கூலி மலிவு என்றால் கேட்டுப் பார்க்காமல் ஏற்றித் தள்ளுபவர்களே மிஞ்சுவார்கள். செத்துப்போனவர்களின் குரலை நாமே இரண்டாம் முறை பறிகொடுப்போம். இதைச் சாதாரணத் தொழில் பிழை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

உங்கள் பீரோவிலும் இப்படிக் கேசட்டுகள் இருக்கும். ஏஜென்ட்டிடம் கொடுக்காதீர்கள், ஓட்டிக் கேட்பவரிடமே நேராகக் கொண்டுபோங்கள். எந்தக் கணக்கில் பதிவானது, எந்தக் கணக்கில் ஏற்றினார் என்று கேளுங்கள். சுருக்கிய ஃபைலோடு மணிக்கு சுமார் 13 ஜிபி வரும் மூல ஃபைலையும் வாங்கிக்கொள்ளுங்கள். கூலியைப் பேரம் பேசாமல் அவர் கையிலேயே கொடுங்கள்.