பத்து பைசாவும் நீலத் திரையும்

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தே முக்கால். எட்டு மணி வரைக்கும் பேங்க்ல ஆணி புடுங்கிட்டு வந்து, சாப்பிட்டு முடிச்சு, ஏதாவது எழுதலாம்னு பொட்டி முன்னாடி உக்காந்தேன். நாலு வரி தட்டியிருப்பேன். திரை நீலமாச்சு. ஒரு சோக மூஞ்சி. "உங்க கம்ப்யூட்டர்ல ஏதோ பிரச்சனை"ன்னு இங்கிலீஷ்ல ஒரு அறிவிப்பு. அது எனக்கே தெரியுதே, என்ன பிரச்சனைன்னு சொல்லேன்!

இது நடந்தது 2025 மே மாசம். நாக்பூர் வெயில் பத்தித் தெரியாதவங்களுக்கு: மே மாசம் இங்க 45 டிகிரி எல்லாம் சர்வ சாதாரணம். வீட்டுக்கு வீடு ஜன்னல்ல ஒரு தகர கூலர் தண்ணியைக் குடிச்சுட்டு உறுமிக்கிட்டு இருக்கும். அதனால என் முதல் தீர்ப்பு ரொம்ப சுலபமா வந்துச்சு: சூடு. தங்கமணியோட தீர்ப்பு அதை விட சுலபம்: "2017ல வாங்கினது. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க."

மறுநாளும் அதே கதை. அதுக்கு மறுநாள் ரெண்டு தடவை. பொண்ணு ஸ்கூல் ப்ராஜெக்ட் தட்டிக்கிட்டு இருந்தப்போ ஒரு தடவை போச்சு. அன்னிக்கு வீட்டுல நடந்த கலவரத்தை இங்க எழுத முடியாது :-)

நான் பி.காம். கம்ப்யூட்டர் படிச்சவன் இல்லை. ஆனா கணக்கு இடிச்சா என்ன பண்ணணும்னு தெரியும்.

இங்க ஒரு சின்ன கொசுவத்தி. காலேஜ்ல எங்க அக்கவுண்டன்சி வாத்தியார் ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார். டிரயல் பேலன்ஸ் டேலி ஆகலைன்னா மொதல்ல லெட்ஜரைத் தொடாதே, வித்தியாசத்தைப் பாரு. அது 9ஆல வகுபட்டா, எங்கயோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 540ஐ 450ன்னு எழுதியிருந்தா வித்தியாசம் 90. ரெண்டால வகுத்துப் பாரு. 1,200 இடிச்சா, ஒரு 600 பத்துல இருக்க வேண்டியது வரவுல உக்காந்திருக்கலாம். அதாவது, தப்போட உருவமே தப்பு எங்க இருக்குன்னு சொல்லும். இன்னொண்ணும் சொல்வார்: ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல திருத்தாதே. அப்புறம் எது சரியாச்சுன்னே தெரியாது.

அதனால ஒரு பழைய டைரி எடுத்தேன். தேதி, நேரம், என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன், கூலர் ஓடிச்சா இல்லையா, நீலத் திரையில கீழ பொடி எழுத்துல வர்ற ஸ்டாப் கோட் என்ன. தங்கமணி ஒரு மாதிரி பாத்தா. பேங்க் ஆபீசரைக் கட்டிக்கிட்டா இதெல்லாம் பாத்துத்தான் ஆகணும்.

எட்டு நாள், ஒன்பது தடவை. டைரி சொன்னது:

முதல் விஷயம், சூடு இல்லை. ரெண்டு தடவை விடிகாலை அஞ்சரை மணிக்கு, பொட்டியைப் போட்டுப் பத்து நிமிஷத்துக்குள்ளயே போயிருக்கு. ப்ராசசர் வெப்பநிலையைக் காட்டற இலவச மென்பொருள் ஒண்ணைப் போட்டுப் பாத்தேன். வேலை அதிகமா இருந்தப்பவும் 70 டிகிரியைத் தாண்டலை. மூடியைத் தொறந்து தூசியை எல்லாம் தட்டினேன். மூக்கு அடைச்சதுதான் மிச்சம்.

ரெண்டாவது, கரெண்ட் இல்லை. கூலர் மோட்டார் கிளம்பும்போது வோல்டேஜ் குதிக்குதோன்னு ஒரு சந்தேகம் இருந்துச்சு. ஒன்பதுல நாலு தடவை கூலரே ஓடலை. விண்டோஸ்ல ஈவென்ட் வியூவர்னு ஒண்ணு இருக்கு, நம்ம டே புக் மாதிரி. அதுல 'கெர்னல் பவர் 41'னு சிவப்பா ஒரு பதிவு வரும். 'பவர்'னு பாத்ததும் நிறைய பேர் எஸ்எம்பிஎஸ்ஸை மாத்திடறாங்க. அவசரப்படாதீங்க. ஒழுங்கா ஷட்டவுன் ஆகாம மிஷின் திரும்பக் கிளம்பியிருக்குன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம். அது விளைவு, காரணம் இல்லை. அந்தப் பதிவோட விவரத்துக்குள்ள போனா 'பக்செக் கோட்'னு ஒரு எண் இருக்கும். அது பூஜ்யம்னா நீலத்திரை பதிவாகாமலே பொட்டி நின்னிருக்கு. கரெண்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் சந்தேகப்படலாம். எனக்கு ஒவ்வொரு தடவையும் வேற எண். அப்போ விண்டோஸ் எதையோ பாத்துப் பயந்து, தானா நின்னிருக்கு.

மூணாவதுதான் முக்கியம். ஸ்டாப் கோட் ஒவ்வொரு தடவையும் மாறியிருக்கு. ஒரு நாள் 'மெமரி மேனேஜ்மென்ட்', ஒரு நாள் 'பேஜ் ஃபால்ட்', இன்னொரு நாள் வேற ஏதோ. ஒரே டிரைவர் கோளாறுன்னா பெரும்பாலும் ஒரே புகாரைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லும். ஆளாளுக்கு ஒரு புகார் சொன்னா, எல்லாரும் புழங்கற இடத்துலதான் ஓட்டை. எல்லாரும் புழங்கற இடம் ராம்.

விண்டோஸ்லயே ராமைச் சோதிக்க ஒரு வசதி இருக்கு. ஓட்டினேன். கோளாறு எதுவும் இல்லைன்னு நல்ல பேர் கொடுத்துடுச்சு. அதை நம்பினது என் தப்பு. ஒரு நாள் இன்ஸ்பெக்ஷன்ல எல்லாம் சரியா இருந்தா பிராஞ்ச்ல தப்பே இல்லைன்னு அர்த்தமா? அந்தத் துறையிலேயே இருபது வருஷம் இருந்துட்டு இதுல ஏமாந்தேன்.

வேற வழியில்லாம சீதாபுல்டி பக்கம் ஒரு கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். இருபது வயசுப் பையன். அஞ்சு நிமிஷம் பாத்துட்டு, "சார்ஜி, ஃபார்மேட் கர்னா படேகா"ன்னான். எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா விண்டோஸ் போடணுமாம். சாயந்திரமே கிடைச்சுடுமாம். டேட்டா ஏதாவது வேணுமான்னு கேட்டான்.

அப்பதான் வயித்துல புளி கரைச்சுது.

டி டிரைவ்ல 'அப்பா'ன்னு ஒரு ஃபோல்டர். அதுல பதினோரு ஒலிப்பதிவு. 2019 பொங்கலுக்கு மன்னார்குடி பக்கத்துல எங்க ஊருக்குப் போயிருந்தப்போ, திண்ணையில அப்பா பேசப் பேச போன்ல பதிவு பண்ணினது. அவர் கூட்டுறவு சங்கத்துல கணக்கர். வேற பெருமை எதுவும் கிடையாது. சங்கத்துக் கதை, வயல் கதை, தாத்தா கதைன்னு அஞ்சரை மணி நேரம் இருக்கும். 2020 ஏப்ரல்ல அப்பா தவறிட்டார். ரயில் இல்லை, விமானம் இல்லை. தம்பி கொள்ளி வெச்சான். நான் இந்த வீட்டு ஹால்ல நின்னு போன் திரையில பாத்தேன். அதுக்கப்புறம் அந்த ஃபோல்டரை ஒரு தடவை கூட தொறக்கலை. தொறக்கலையே தவிர, அது அங்க இருக்குங்கறது தெரியும். பதிவு பண்ணின போனும் 2021ல போய்ச் சேர்ந்துடுச்சு.

வேற காபி இல்லையான்னு கேக்காதீங்க. இல்லை. கோர் பேங்கிங் வர்றதுக்கு முன்னாடி, நான் சேர்ந்த புதுசுல, தினமும் பேக்கப் எடுத்து, ஒரு காபி பிராஞ்ச்ல, ஒரு காபி வெளியிலன்னு வெச்சு, ரெஜிஸ்டர்ல கையெழுத்து போட்டாத்தான் வீட்டுக்குக் கிளம்ப முடியும். ஊர்ப் பணத்துக்கு அத்தனை பத்திரம். எங்கப்பா குரலுக்கு ஒத்தை ஹார்ட் டிஸ்க்.

பொட்டியைத் திருப்பித் தூக்கிட்டு வந்துட்டேன். ராத்திரியே பதினோரு கோப்பையும் பென் டிரைவுக்கு காபி பண்ணினேன். நடுவுல ஒரு தடவை நீலத்திரை. திரும்பக் கிளப்பி மிச்சத்தையும் முடிச்சேன். மணி ஒண்ணரை. சரியா இருக்கான்னு ஒவ்வொண்ணையும் லேப்டாப்ல அங்கங்க தட்டிப் பாத்தேன். ஏழாவது கோப்புல பதினாலாவது நிமிஷத்துல அப்பா ஒரு வாக்கியத்தை ஆரம்பிக்கறார், "கர்ர்ர்"னு ஒரு சத்தம், அப்புறம் வேற ஏதோ பேசறார். நடுவுல என்ன சொன்னார்னு தெரியலை.

தூக்கம் போச்சு. விடிகாலையில மெம்டெஸ்ட்86ங்கற இலவச மென்பொருளை ஒரு பென் டிரைவ்ல ஏத்தி, விண்டோஸையே கிளப்பாம அதை மட்டும் ஓட விட்டேன். முதல் சுத்து சுத்தமா வந்துச்சு. ரெண்டாவது சுத்துல வரிசையா சிவப்புக் கோடு. ராமேதான்.

அப்போதான் ரெண்டு விஷயம் உறைச்சுது. ஒண்ணு பயம், ஒண்ணு நம்பிக்கை. எந்தக் கோப்பை காபி பண்ணினாலும் அது டிஸ்க்ல இருந்து ராமுக்கு வந்து, அங்க இருந்துதான் வெளிய போகும். கண்ணு சரியில்லாத குமாஸ்தாகிட்ட லெட்ஜரைக் கொடுத்து நகல் எடுக்கச் சொன்ன மாதிரி. நகல்ல தப்பு இருந்தா மூலத்துலயும் தப்பு இருக்கணும்னு இல்லை. இது நம்பிக்கை. ஆனா அதே குமாஸ்தா மூல லெட்ஜர்லயும் எழுதற உரிமை உள்ளவர். மிஷின் ஓட ஓட, நல்லா இருக்கறதையும் கெடுக்கலாம். இது பயம். கெட்ட ராமை வெச்சுக்கிட்டு நான் பேக்கப் எடுத்ததே தப்பு.

பிளக்கைப் பிடுங்கினேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டினேன். நாலே நாலு திருகாணிதான். சாட்டா - யுஎஸ்பி கேபிள் ஒண்ணு வாங்கினேன். டெஸ்க்டாப்ல வர்ற பெரிய டிஸ்க்குக்கு யுஎஸ்பி மின்சாரம் மட்டும் பத்தாது, தனி அடாப்டரோட வர்றதா கேட்டு வாங்குங்க. பொண்ணோட லேப்டாப்ல மாட்டி, கோப்புகளைப் பென் டிரைவுக்கும் ஒரு வெளி டிஸ்க்குக்கும் காபி பண்ணினேன். இந்தத் தடவை காதை நம்பலை. விண்டோஸ்லயே இருக்கற செர்ட்யூடில்ங்கற கட்டளையில, ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 எண்ணை எடுத்தேன். கோப்புல ஒரு பிட் மாறினாலும் இந்த எண் மொத்தமா மாறிடும். மூலம், நகல் ஒண்ணு, நகல் ரெண்டு. மூணு பத்தி போட்டு டைரியில டிக் பண்ணினேன். பதினொண்ணும் டேலி. ராத்திரி எடுத்த காபியையும் சேர்த்துப் பாத்தேன். ஏழாவது மட்டும் இடிச்சுது.

சரி, மூலம் எப்படி இருக்கு? ஏழாவதைப் போட்டேன். பதினாலாவது நிமிஷம்.

சங்கத்துல ஒரு வருஷம் ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது பத்து பைசா இடிச்சிருக்கு. மூணு ராத்திரி தேடியிருக்கார். பத்து பைசாதானேய்யா, கையில இருந்து போட்டு முடிச்சுடுன்னு செயலாளர் சொல்லியிருக்கார். அப்பா சொல்றார்: "போட்டுடலாம் தம்பி. போட்டா கணக்கு நேராயிடும். தப்பு அங்கயே உக்காந்திருக்கும்."

அந்த "கர்ர்ர்"ல போனது இந்தக் கடைசி ரெண்டு வாக்கியம்தான்.

கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். தங்கமணி வந்து பாத்துட்டு ஒண்ணும் கேக்காம காபி வெச்சுட்டுப் போனா. நிஜக் காபி.

மிச்சத்தைச் சுருக்கமா சொல்லிடறேன். என் பொட்டியில நாலு ஜிபி ராம் ரெண்டு குச்சி. ஒண்ணை மட்டும் மாட்டி, மெம்டெஸ்ட் நாலு சுத்து: சுத்தம். இன்னொண்ணை அதே ஸ்லாட்டுல மாட்டினேன்: சிவப்பு. ஸ்லாட்டை மாத்திப் போட்டேன்: அங்கயும் சிவப்பு. ஆக ஸ்லாட் நல்லவர், குச்சிதான் குற்றவாளி. முனையில அழிரப்பர் போட்டுத் தேய்ச்சும் பாத்தேன், திருந்தலை. நல்ல குச்சியை மட்டும் மாட்டி, டிஸ்க்கைத் திருப்பிப் போட்டு, அதுக்கப்புறம்தான் விண்டோஸ் கோப்புகளைச் சரி பார்க்கற எஸ்எஃப்சி கட்டளையை ஓட்டினேன். கெட்ட ராமோட அதை ஓட்டக் கூடாது, குமாஸ்தா கதைதான். ரெண்டு வாரம் நீலத்திரை எட்டிப் பாக்கலை. 2017 பில் ஃபைல்ல பத்திரமா இருந்ததால வாரண்டியில வேற குச்சியும் வந்துடுச்சு. தங்கமணி இப்போ என் ஃபைல்களைக் கிண்டல் பண்றதில்லை.

அந்தக் கடைப் பையன் மேல எனக்குக் கோவம் இல்லை. நாளைக்குப் பத்து பொட்டி வருது, அவன் என்ன பண்ணுவான். ஆனா அன்னிக்கு ஃபார்மேட் பண்ணியிருந்தா கையில இருந்து பத்து பைசா போட்ட மாதிரிதான் ஆகியிருக்கும்.

உங்க வீட்டுப் பொட்டி இப்படி விழுந்து விழுந்து எந்திரிச்சா: மொதல்ல எழுதி வைங்க. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. ராமைச் சோதிச்சுட்டு அப்புறம் பேக்கப் எடுங்க. அதுக்கு முன்னாடி, இன்னிக்கே, பொட்டி நல்லா இருக்கும்போதே எடுத்து வைங்க. மூணு பிரதி, ரெண்டு வகை ஊடகம், அதுல ஒண்ணு வேற ஊர்ல இருக்கணும்.

என்னோட வேற ஊர்ப் பிரதி அம்மாகிட்ட. ஒரு மெமரி கார்டுல போட்டு தம்பி மூலமா அனுப்பி வெச்சேன். ரெண்டு நாள் கழிச்சு போன் வந்துச்சு.

"எல்லாம் கேட்டேன்டா."

"எப்படிம்மா இருந்துச்சு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னா: "பத்து பைசா இல்லடா. பதினோரு பைசா. மூணு ராத்திரியும் நான்தானே பக்கத்துல அரிக்கேன் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."