கீசர் வயிற்றில் கல்

தலைப்பைப் பார்த்துட்டு வாழைத்தண்டு ஜூஸ் செய்முறை தேடி வந்தவங்க அப்படியே அடுத்த பதிவுக்குப் போகலாம். இது குளியலறைச் சுவரில் தொங்குற கீசருக்கு வந்த கல்லைப் பற்றியது. :-)

தாம்பரத்துக்கு அந்தாண்டை, போர் தண்ணியை நம்பி இருக்கும் அபார்ட்மெண்ட் எங்களுடையது. பக்கெட்டில் வெள்ளை வளையம், ஷவரில் பாதி ஓட்டை அடைப்பு, சோப்பு போட்டா நுரைக்குப் பதிலா ஒரு பிசுக்கு. இந்த லட்சணங்கள் உங்க வீட்டிலும் இருந்தா நீங்களும் நம்ம கட்சிதான்.

2024 டிசம்பரில், சரியா மார்கழி பிறக்கிற நேரத்தில் எங்க 15 லிட்டர் கீசர் மூணு விதமா மக்கர் பண்ண ஆரம்பிச்சது. சுவிட்ச் போட்டதும் உள்ளே படபடன்னு பொரியற சத்தம். ஒரு பக்கெட் நிறையறதுக்குள்ள வெந்நீர் பச்சைத்தண்ணியா மாறிடும். அடியில் இருக்கிற வால்வ் ராப்பகலா சொட்டிக்கிட்டே இருக்கும். அப்பாவுக்கு 78 வயசு. வெந்நீர் இல்லைன்னா அன்னைக்குக் குளியலே கிடையாது.

மெக்கானிக் ஒருத்தர் வந்தார். அண்ணாந்து பார்த்தார். "சார், வால்வ் லீக்கு. ஒரு டம்மி அடிச்சு விட்டா நின்னுடும். இருநூறு ரூபா குடுங்க" என்றார்.

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள ஹாலிலிருந்து அப்பா குரல்: "ஏம்ப்பா, குக்கர் சத்தம் போடுதுன்னு வெயிட்டை வெல்டிங் பண்ணிட்டா சமைப்பே?"

இந்தப் பதிவின் சாரமே அந்த ஒரு கேள்விதான். இனி வருவது விளக்கம்.

பள்ளிக்கூட வேதியியலில் தற்காலிகக் கடினத்தன்மை, நிரந்தரக் கடினத்தன்மைன்னு படிச்சோமே, ஞாபகம் இருக்கா? கொதிக்க வைத்தால் தற்காலிகக் கடினத்தன்மை நீங்கும்னு எழுதி ரெண்டு மார்க் வாங்கினோம். நீங்கி எங்கே போகும்னு யாரும் கேட்கலை. கீசருக்குள்ளதான் போகும்! மழைத்தண்ணி மண்ணுக்குள் இறங்கும்போது கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கிட்டு, வழியில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தைக் கரைச்சு கால்சியம் பைகார்பனேட்டாக எடுத்து வருது. சூடு பண்ணினதும் அந்த வாயு பறந்துடும், சுண்ணாம்பு மட்டும் கல்லாத் தங்கிடும். முட்டை ஓடும் கிளிஞ்சலும் எதனால் ஆனதோ அதே கால்சியம் கார்பனேட்தான். சர்க்கரை சூட்டில் நல்லாக் கரையும். இது நேர் எதிர், சூடு ஏற ஏறக் கல் கூடும்.

நம்ம ஊரில் எல்லாத்தையும் சேர்த்து 'உப்புத் தண்ணி'ன்னு சொல்லிடறோம். வாயில் கரிக்கிற உப்பு வேற, கீசரில் படியற சுண்ணாம்பு வேற. இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 (2012) சொல்றபடி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேற வழியே இல்லைன்னா 600 வரை பொறுத்துக்கலாம். அந்த 600 கணக்கில் ஒரு குடும்பம் தினமும் 60 லிட்டர் வெந்நீர் எடுத்தால், 36 கிராம் சரக்கு கீசர் வழியா போய் வருது. அதில் ஒரு சிட்டிகை தினம் உள்ளே தங்கினாலும் வருஷக் கடைசியில் என்ன ஆகும்னு பாருங்க.

"கல் படிஞ்சா கரண்ட் பில் எகிறும்"னு எல்லாரும் சொல்வாங்க. நம்ம கரண்ட் கீசருக்கு அது பெரிசாப் பொருந்தாது. காயில் தண்ணிக்குள்ளேயே இருக்கு, அதோட சூடு வேற எங்கே போகும்? ஆனா கல்லுக்குள் மாட்டின காயில் தன் சூட்டைச் சீக்கிரம் வெளியே தள்ள முடியாமல் தானே காய்ந்து வெடிக்கும். பில் பிரச்சினை கேஸ் பாய்லர் வச்சிருக்கிறவங்களுக்குத்தான், அங்கே சூடு புகைக்குழாய் வழியா ஓடிடும். லண்டன் பக்கம் இருக்கிற நண்பர்கள் கவனிக்க, உங்க ஊர்த் தண்ணியும் சுண்ணாம்புத் தண்ணிதான். படபட சத்தம், கல்லுக்கு அடியில் சிக்கின தண்ணி ஆவியாகி வெடிக்கிற சத்தம். வெந்நீர் குறையறது, தொட்டியில் தண்ணி இருக்க வேண்டிய இடத்தில் கல் உட்கார்ந்திருக்கிறதால்.

இப்ப அந்தச் சொட்டு. 15 லிட்டர் தண்ணியை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அது சுமார் 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர் அளவு விரியும். வந்த வழியே திரும்பிப் போக முடியாதபடி தடுப்பு இருக்கிறதால், அழுத்தம் ஏறினதும் வால்வ் அதை வெளியே விடும். சூடாகும்போது மட்டும் சொட்டினால் வால்வ் தன் வேலையைச் செய்யுதுன்னு அர்த்தம். நாள் பூரா சொட்டினால் அதன் வாயில் கல் துணுக்கு மாட்டியிருக்கலாம், மாத்தணும். ரெண்டுக்குமே டம்மி மருந்து இல்லை. தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் ஒருநாள் கைவிட்டால், அழுத்தத்தில் அடைபட்ட தண்ணி 100 டிகிரியைத் தாண்டும். தொட்டி வெடிச்ச நொடியில் அதில் ஒரு பங்கு ஆவியாகி, 1,600 மடங்குக்கு மேல் விரியும். அப்பா தலைக்கு நேர் மேலே நடக்கிற விஷயம் இது. இருநூறு ரூபாயை மிச்சம் பண்ணினோம்.

வேற ஒரு மெக்கானிக் வந்து மெயினை அணைச்சு, தண்ணியை வடிச்சு, அடித்தட்டைக் கழட்டினார். அரை பக்கெட்டுக்குக் கல் கொட்டியது. காயில் சுண்ணாம்பில் முக்கி எடுத்த குச்சி மாதிரி இருந்தது. ஒரு துண்டை எடுத்து வினிகரில் போட்டதும் சுறுசுறுன்னு பொங்கிச்சு. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், இன்னொரு துண்டு போடச் சொன்னார். காயிலைச் சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊற வச்சதும் கல் உதிர்ந்தது (மளிகைக் கடையில் லெமன் சால்ட்னு கேளுங்க). புது வால்வ், புது வாஷர், கரைஞ்சு கம்பியாகிப் போயிருந்த மக்னீசியம் ஆனோட் ராடுக்குப் பதில் புதுசு. அவ்வளவுதான்.

உங்களுக்கும் உதவலாம்:

- பாத்ரூம் கழுவுற ஆசிட்டைக் கீசருக்குள் காட்டவே காட்டாதீங்க. கல்லோட தொட்டியையும் தின்னுடும்.
- திருகியை 60 டிகிரி பக்கம் வைங்க. அதுக்கு மேலே கல் வேகமாப் படியும். ரொம்பக் குறைச்சு வெதுவெதுப்பா வச்சாலும் லீஜியோனெல்லாங்கிற கிருமிக்குக் கொண்டாட்டம். குளிக்கும்போது பச்சைத்தண்ணி கலந்துக்கணும்.
- மென்னீராக்கி போட்டால் கல் குறையும். அது கால்சியத்தை எடுத்துட்டு சோடியம் தரும், அதனால் டிடிஎஸ் குறையலையேன்னு சண்டைக்குப் போகாதீங்க.
- கடினத் தண்ணி வீட்டில் வருஷம் ஒருமுறை, மழை முடியறதுக்குள்ள, தொட்டியைத் திறந்து சுத்தம் பண்ணச் சொல்லுங்க.

இதையெல்லாம் மறந்தாலும் ஒண்ணை மட்டும் செய்யுங்க. இன்னைக்கே கீசருக்கு அடியில் எட்டிப் பாருங்க. வால்வோட வாயில் யாராவது டம்மி அடிச்சிருந்தா முதல்ல சுவிட்சை அணைங்க, அப்புறம் வந்து பின்னூட்டம் போடுங்க.