நூந்து போற பெட்டி

முதல் தடவை நூந்தப்ப நாங்க சிரிச்சோம். வலோரன்ட்ல 12-11, கடைசி ரவுண்ட், திரை பட்டெண்டு கறுப்பு. கரண்ட் போயிட்டு எண்டுதான் நினைச்சோம். நிமிர்ந்து பார்த்தா மேல ஃபேன் சுத்திக்கொண்டிருக்கு.

"கல்லடிக்குக் கரண்ட் இருக்கு மச்சான், பெட்டிக்குத்தான் இல்ல."

பத்தாவது தடவை யாரும் சிரிக்கல.

அது நாங்க நாலு பேர் காசு போட்டுக் கட்டின பெட்டி. 2022இல டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றறுபதுக்கு ஏறின பிறகு புதுச் சாமான் வாங்கிக் கட்டுற கதை எங்களுக்குக் கனவு. ரைசன் 5 3600, பழசு. மதர்போட், பழசு. கிராபிக்ஸ் காட் ஆர்எக்ஸ் 580, அதுவும் பழசு. 2022 செப்டெம்பர் 15 எதேரியம் மைனிங்கைக் கைவிட்ட பிறகு, உலகம் முழுக்க மைனிங்கில ஓடிக் களைச்ச காட்கள் மலிவு விலைக்கு வந்திச்சு. அப்பிடி ஒண்டை எங்கேயோ தேடிப் பிடிச்சு வந்தது எங்களில ஒருத்தன். பெட்டியை வைச்சது இன்னொருத்தன்ட வீட்டில. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி, நடுவில அந்த வீடு.

நூந்து போறதுக்கு ஒரு ஒழுங்கும் இல்ல. அசைன்மென்ட் அடிச்சா விடிய விடிய ஓடும். கேம் போட்டா சில நாள் பத்து நிமிசம், சில நாள் ரெண்டு மணித்தியாலம். நீலத் திரை வராது. எச்சரிக்கை வராது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்தா ஒவ்வொரு தடவையும் அதே வரி: கேர்னல்-பவர், 41. அதைக் கண்டதும் 'பவர் சப்ளைதான் பிழை' எண்டு துள்ளினோம். பிறகுதான் விளங்கிச்சு, 41 காரணத்தைச் சொல்றதில்ல. கணினி ஒழுங்கா நிப்பாட்டப்படாம திரும்ப எழும்பியிருக்கு, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். மயங்கி விழுந்து எழும்பினவர்ட்ட 'என்ன நடந்த?' எண்டு கேட்டா, 'விழுந்திட்டன்' எண்டு சொல்ற மாதிரி. 2025 பெப்ரவரி 9 நாடு முழுக்க இருண்டப்ப அமைச்சர் பாணந்துறை உப மின்நிலையத்தில குரங்கு எண்டார். எங்களுக்கு அப்பிடி ஒரு குரங்கும் கிடைக்கல.

கச்சான் காத்து வீசுற காலம், அறை அடுப்பு மாதிரி. அதால சூட்டைச் சந்தேகப்பட்டோம். ஹீட்சிங்கைக் கழட்டி, காய்ஞ்சு போன பேஸ்டைச் சுரண்டி, புதுசு பூசினோம். கேம் ஓடேக்க புரொசசர் 72 பாகை. அதின்ட எல்லை 95. ஆகவே சூடு இல்ல. றாமுக்கு இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டினோம், ஒரு பிழையும் இல்ல. தெரிஞ்ச கடை அண்ணன்ட்ட வேலை செய்யிற பவர் சப்ளை ஒண்டை இரவல் வாங்கி மாத்தினோம். அண்டிரவே நூந்திச்சு.

மிச்சம் இருந்தது காட். காட் மிச்சம் எண்டா, அதைக் கொண்டு வந்தவனும் மிச்சம்.

யாரும் நேராக் குற்றம் சொல்லல. அதுதான் மோசம். "எத்தன வருசம் மைனிங்கில ஓடினதாம்?" எண்டு ஒருத்தன் கேட்டான். "எவ்வளவுக்கு எடுத்த நீ, உண்மையச் சொல்லு" எண்டு இன்னொருத்தன். அவனுக்குக் கடைசித் தவணையா 5,000 ரூபா குடுக்க வேண்டியிருந்திச்சு. 'பெட்டி சரியாகட்டும், பார்ப்பம்' எண்டு நிப்பாட்டினோம். அவன் ரெண்டு நாள் வந்தான், மூண்டாம் நாள் வரல. குரூப்பில மெசேஜ் பார்ப்பான், பதில் போடமாட்டான்.

பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறாவூர்ப் பக்கம் ஒரு நண்பன்ட வீட்டுக்குப் போனோம். மூண்டு நாள் அதே காட்டோட, அதே பழைய பவர் சப்ளையோட, தொடர்ந்து நாலு மணித்தியாலம் கேம். ஒரு தடவைகூட நூரல. எங்கட விளக்கம் என்ன தெரியுமா? ஓட்டோ குலுக்கின குலுக்கில கழண்டிருந்த ஏதோ ஒண்டு இறுகிட்டாம்! சந்தோசமாக் கல்லடிப் பாலத்தால திரும்பி வந்தோம். அண்டிரவு இருபதாவது நிமிசம், கறுப்பு.

அப்பதான் ஒருத்தன் சொன்னான்: "பெட்டி மாறல. வீடுதானே மாறின."

கையை விட்டுப் பார்த்தோம். அலுமாரிக்குப் பின்னால இருந்த பிளக் சுட்டது. தொட்டதும் கையை எடுக்கிற அளவு சூடு. மெயினை நிப்பாட்டிட்டு, தெரிஞ்ச வயரிங் அண்ணனைக் கூப்பிட்டோம். அவர் பிளக் பேஸைக் கழட்டினார். நியூட்ரல் வயரின்ட ஆணி லூஸ். செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. பிளாஸ்டிக் பழுப்பாகி, ஒரு மூலை உருகியிருந்திச்சு.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். கேம் ஓடேக்க பெட்டியும் மொனிட்டரும் சேர்ந்து 400 வாட் எண்டு வையுங்க. 230 வோல்ட்டில அது 1.7 அம்பியர். லூசான இணைப்பில 5 ஓம் தடை எண்டா வோல்ட் எட்டு, ஒன்பதுதான் குறையும், யாருக்கும் தெரியாது. ஆனா அந்த ஒரு ஆணித் தலையில 14 வாட் சூடு, ஒரு சின்ன சோல்டரிங் அயன் மாதிரி. சூட்டில உலோகம் அசைய, இணைப்பு ஒரு கணம் விட்டுப் பிடிக்கும். நல்ல பவர் சப்ளையே முழு லோடில 16, 17 மில்லி செக்கன்தான் தாங்கும். அதுக்குமேல விட்டா பெட்டி நூரும். ஃபேன் நூராது, அது வேற வயர். அசைன்மென்ட் அடிக்கேக்க கரண்ட் கொஞ்சம்தான் போறது, ஆகவே சூடும் இல்ல.

"ட்ரிப் சுவிச் ஏன் விழல அண்ணன்?" எண்டு கேட்டோம். பூமிக்குக் கசிஞ்சா ஒண்டு விழும், அளவுக்கு மிஞ்சி இழுத்தா மற்றது விழும், லூசுக்கு ரெண்டும் விழாது எண்டார். எரிஞ்ச பிறகுதான் தெரிய வரும்.

களிம்புக்குக் காரணம் கடல். ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்புத் தானாவே தண்ணிய இழுத்துக் கரையும். கல்லடிக் குசினிகளில உப்புப் போத்தலுக்க அரிசி போட்டு வைக்கிறது அதுக்குத்தான். ஆணித் தலையில யாரும் அரிசி போடுறதில்ல.

இதையெல்லாம் மீற்றரும் மென்பொருளும் இல்லாம ஒரு மாதத்துக்கு முந்தியே ஒருத்தர் கண்டுபிடிச்சிருந்தார். அந்த வீட்டு அம்மா. "மனே, என்னமோ கருகுற மணம் வருது" எண்டு ரெண்டு மூண்டு தடவை சொன்னவ. "அது புதுப் பேஸ்ட் மணம் அம்மா" எண்டு கதவைச் சாத்தினது நாங்க. அந்த அலுமாரியில அவட சீலைகள். அலுமாரிக்கு அங்கால சுவர், சுவருக்கு அங்கால அவட கட்டில்.

எங்களுக்கு மட்டும்தான் இந்தக் குழப்பம் எண்டில்ல. இன்டெலின்ட 13ஆம், 14ஆம் தலைமுறை புரொசசர்கள் பழுதாகத் தொடங்கினப்ப, பல கேம்கள் காட்டின பிழைச் செய்தி 'வீடியோ நினைவகம் போதாது'. ஆட்கள் கிராபிக்ஸ் காட்டைத்தான் சந்தேகப்பட்டாங்க. 2024இலதான் இன்டெல், பிழை புரொசசருக்குப் போற வோல்ட்டில எண்டு ஒத்துக்கொண்டு, உத்தரவாதத்தை ரெண்டு வருசம் நீட்டிச்சு. இதைப் படிச்சு நாங்க கொஞ்சம் ஆறுதல்பட்டதும் உண்மை. ஆனா அந்த ஆட்கள் காட்டைத் திட்டினாங்க, நாங்க கூட்டாளியை.

புதுப் பிளக் பேஸ் பூட்டி அஞ்சு கிழமை. ஒரு தடவைகூட நூரல. உருகின பழைய பேஸைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினோம். கீழ என்ன எழுதுறது எண்டு நாலைஞ்சு தரம் அடிச்சு அழிச்சு, கடைசியில படத்தை மட்டும் அனுப்பினோம். ஒரு மணித்தியாலம் கழிச்சுப் பதில் வந்திச்சு:

"அம்மாக்கு ஒண்டும் இல்லையே?"

5,000 ரூபாவை இன்னும் குடுக்கல. 3,200 சேர்ந்திருக்கு.